‘பக்கவிளைவே இல்லை’ என்ற கணக்கை எழுதியது யார்? மூலிகைகளைச் சோதித்த ராம்நாத் சோப்ராவின் கதை

2021 மே மாதம் நினைவிருக்கிறதா? ஆக்சிஜன் படுக்கைக்காக எல்லோரும் போனும் கையுமாக அலைந்த நாள்கள். அப்போது ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணப்பட்டினத்தில் ஒரு நாட்டு வைத்தியர் கொரோனாவுக்கு இலவசமாகக் கொடுத்த மூலிகை மருந்தை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும்.

ஆந்திர அரசு விநியோகத்தை நிறுத்திவைத்து, ஆய்வுக்கு உத்தரவிட்டது. அந்த வேலையில் ஒரு பங்கு திருப்பதிக்கு வந்தது. தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா ஆயுர்வேதக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், ஏற்கெனவே மருந்து வாங்கியவர்களைத் தொடர்புகொண்டு விவரம் கேட்டார்கள். எப்போது சாப்பிட்டீர்கள், என்ன ஆயிற்று, வேறு தொந்தரவு உண்டா என்ற மாதிரியான விவரங்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மக்கள் சாப்பிட்டாயிற்று. கேள்வி அப்புறம்தான் வந்தது. மே 31 அன்று, வாய்வழியாக எடுக்கும் மருந்துகளில் சிலவற்றுக்கு அரசு அனுமதி கொடுத்தது. கண்ணில் விடும் சொட்டு மருந்துக்குக் கொடுக்கவில்லை. கொரோனா குணமாகும் என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் சாப்பிடுவதால் கெடுதலும் தெரியவில்லை என்பதே அறிக்கையின் சாரம்.

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் எனக்கு இந்தக் ‘கெடுதல் தெரியவில்லை’ என்ற இடத்தில் எப்போதும் ஒரு உறுத்தல். எக்ஸெல் ஷீட்டில் 0 என்று போட்டிருப்பதும், செல் காலியாக இருப்பதும் ஒன்றல்ல. தேடிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றால் 0. யாரும் தேடவே இல்லை என்றால் காலி. நம் ஊர் மூலிகை மருந்துகளுக்கு நாம் சொல்லும் ‘பக்கவிளைவே கிடையாது’ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

அந்தக் காலிக் கட்டங்களை நிரப்ப சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்தார். பெயர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று பார்மசி படித்தவர்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் உங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு அட்டையிலும் அவருடைய கைரேகை இருக்கிறது. சூரண டப்பாவில் அது ரொம்பத் தாமதமாகத்தான் விழுந்தது. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

போர்முனையிலிருந்து சோதனைக்கூடத்துக்கு

1882 ஆகஸ்ட் 17, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். ஸ்ரீநகரில் பள்ளி, லாகூரில் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே வால்டர் டிக்சன் என்ற மருந்தியல் பேராசிரியரிடம் வேலை பழகினார். ஒரு மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எந்த அளவில் செய்கிறது, எந்த அளவைத் தாண்டினால் கொல்கிறது என்று அளந்து பார்ப்பதே ஒரு தனி அறிவியலாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. 1908-ல் இந்திய மருத்துவப் பணியில், அதாவது ராணுவ டாக்டர்களின் ஐ.எம்.எஸ்.-ல் சேர்ந்தார். முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்கா, அதன் பிறகு ஆப்கன் போர்.

1921-ல் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அதன் மருந்தியல் பேராசிரியர் ஆனார். வயது 39. அடுத்த இருபது வருடங்கள் அங்கேதான்.

அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் வேதியியல் துறை. வந்து சேரும் வேர், பட்டை, விதையிலிருந்து என்னென்ன சத்துகள் பிரிகின்றன என்று பார்ப்பார்கள். அடுத்து மருந்தியல் துறை. பிரித்த பொருளை விலங்குகளுக்குக் கொடுத்து இதயம், ரத்த அழுத்தம், சுவாசம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்வார்கள். பக்கத்திலேயே கார்மைக்கேல் மருத்துவமனை. முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டிய மருந்துதான் அங்கே நோயாளியிடம் போகும். கிருஷ்ணப்பட்டினத்தின் வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது.

மூன்று விஷயங்கள் வேண்டும் என்று சோப்ரா நினைத்தார். வெளிநாட்டு மருந்துக்குக் கையேந்தாமல் இந்தியா தன் செடிகளிலிருந்தே மருந்து செய்துகொள்ள வேண்டும். வைத்தியர்களும் ஹக்கீம்களும் பயன்படுத்தும் மூலிகைகளில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். ஆக, அவர் மூலிகைக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கமென்ட்டில் சண்டை வரும்.

நம் மூக்கிரட்டையையும் அவர் குழு சோதித்தது. சிறுநீர் பெருக்கும் என்று பரம்பரையாகச் சொல்லப்பட்டது, பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். சீதபேதிக்குக் கொடுக்கும் குடசப்பாலைப் பட்டையையும் எடுத்தார்கள். குடசப்பாலையில் ஒரு சிக்கல் உண்டு. வெட்பாலையும் அதுவும் பார்க்க ஒரே ஜாடை. பட்டையாகவும் விதையாகவும் கடைக்கு வந்துவிட்டால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கலப்பது பழைய கதை. மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருந்து தப்பா, செடியே தப்பா?

இது பழங்காலப் பிரச்சினை என்று நினைத்தால், கொரோனா காலத்துக்கே திரும்பி வாருங்கள். எதிர்ப்பு சக்தி கூடும் என்று சீந்தில் கொடியை அந்த நேரத்தில் எத்தனை வீடுகளில் கஷாயம் போட்டார்கள்! சீந்தில் எடுத்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக இந்தியாவின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2022-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதற்கு முன்பே மும்பையிலிருந்து இதேபோல் ஒரு கட்டுரை வந்தபோது, அது சீந்திலே இல்லாமல் அதே இனத்தின் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இரு தரப்பும் மோதியது எந்த இடத்தில் என்று பாருங்கள். எந்தச் செடி? சோப்ராவின் முதல் கேள்வியே அதுதான்.

பாம்புக்கும் பைத்தியத்துக்கும் ஒரே வேர்

சோப்ரா காலத்துச் சோதனைகளில் என்னை அதிகம் இழுத்தவை இரண்டு. ஒன்று அவர் செய்ததில்லை, அவரோடு பின்னால் ஒரே குழுவில் உட்கார்ந்தவர் செய்தது. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்த பாதிரியார் கையஸ், டாக்டர் மஸ்கருடன் சேர்ந்து, பாம்புக்கடிக்கு மருந்து என்று இந்தியா முழுவதும் சொல்லப்பட்ட 300-க்கும் மேற்பட்ட செடிகளைச் சோதித்தார். முடிவு 1931-ல் வெளியானது. ஒன்றுகூட விஷத்தை முறிக்கவில்லை. இதுதான் நான் மேலே சொன்ன உண்மையான 0. தேடிப் பார்த்துப் போட்ட 0. சேஷாசலம் காட்டோரக் கிராமம் ஒன்றில் கடி வாங்கியவரைப் பச்சிலைக்குக் கூட்டிப்போவதா, விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்கா என்ற கேள்விக்கு அப்போதே பதில் இருந்தது.

இன்னொன்று சர்ப்பகந்தி. பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர். 1931-ல் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். அதே வருடம் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1933-ல் சோப்ராவின் குழு அதன் மருந்தியல் செயல்பாட்டை அளந்து வெளியிட்டது.

பாம்புக்கடிக்கு அது உதவாது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு? 1949-ல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தது. நவீன மருத்துவத்தின் முதல் ரத்த அழுத்த மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

இதை ‘பார்த்தீங்களா, நம் முன்னோர்கள்!’ என்று ஃபார்வர்டு செய்வதற்கு முன் மிச்சத்தையும் படியுங்கள். ரிசர்பின் பரவலாகப் புழங்க ஆரம்பித்த பிறகுதான் அதை எடுப்பவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வருவதாக டாக்டர்கள் எழுதத் தொடங்கினார்கள். அளவைக் குறைத்தார்கள், எச்சரிக்கை போட்டார்கள். வேர் திடீரென்று 1950-களில் ஆபத்தானதாக மாறிவிடவில்லை. எழுதிவைக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

குயினைன் பாட்டிலும் ஒரு சட்டமும்

1920-களில் இந்திய மருந்துச் சந்தை எப்படி இருந்தது என்றால், சட்டமே இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து விற்கலாம். மலேரியா கொன்றுகொண்டிருந்த நாட்டில் குயினைனே கலப்படமாக வந்தது. மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இல்லை என்றால் காய்ச்சல் குறையாது, ஆள் போய்விடுவார். 1927-ல் மேல்சபையில் இதைப் பற்றித் தீர்மானம் வந்தது. 1930-ல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்து, சோப்ராவைத் தலைவராகப் போட்டது. மேலே சொன்ன பாதிரியார் கையஸ் உறுப்பினர்களில் ஒருவர். நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சிகளைக் கேட்டு 1931-ல் அறிக்கை தந்தார்கள். மருந்துக்கு மத்தியச் சட்டம், சோதனைக்கூடம், ஆய்வாளர்கள் வேண்டும் என்றார்கள்.

அறிக்கை அலமாரியில் ஒன்பது வருடம் தூங்கியது. 1940-ல்தான் மருந்துச் சட்டம் வந்தது. இன்றும் அதே சட்டம்தான், பலமுறை திருத்தி, அழகுசாதனப் பொருள்களையும் சேர்த்து.

இந்தக் கதையின் முடிச்சு இங்கே இருக்கிறது. அந்தச் சட்டம் மருந்து என்றால் என்ன என்று வரையறுத்த இடத்திலேயே, ஆயுர்வேத, யுனானி முறைப்படி மட்டும் பயன்படும் மருந்துகளை வெளியே விட்டுவிட்டது. இருபது வருடம் மூலிகைகளை எடைபோட்ட மனிதரின் அறிக்கையிலிருந்து பிறந்த சட்டம், மூலிகை மருந்தைத் தொடவே இல்லை.

ஏன்? நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சித்தூரும் திருப்பதியும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. அந்த மாகாணம் 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டு, நாட்டு மருத்துவ முறைகளை என்ன செய்யலாம் என்று கேட்டது. குழுவின் செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி அலோபதி படித்தவர். ஆனாலும் சித்த, ஆயுர்வேத, யுனானி முறைகளுக்குத் தனி அறிவியல் அடிப்படை உண்டு, அவற்றை அவற்றின் அளவுகோலால்தான் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதினார். 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அவர்தான் முதல்வர். நாட்டு மருத்துவம் அப்போது சுயமரியாதைப் பிரச்சினை. ஐ.எம்.எஸ். அதிகாரி ஒருவரின் சோதனைக்குழாய்க்குள் அதை ஒப்படைக்க வைத்தியர்கள் தயாராக இல்லை. அவர்கள் வாதத்தில் நியாயமும் இருந்தது. ஒரு வேரிலிருந்து ஒரே ஒரு சத்தைப் பிரித்துச் சோதித்தால், பத்துச் சரக்கு சேர்த்துச் சுத்திசெய்து முடிக்கும் மருந்தைப் பற்றி என்ன தெரியும்?

ஆனால் நோயாளி பக்கம் நின்று பார்த்தால், அளவுகோல் எதுவாக இருந்தாலும் யாராவது அளந்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த 24 வருடங்களில் சட்டப்படி யாரும் அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

24 வருடம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், 1964-ல்தான் சட்டத்தைத் திருத்தி ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். மருந்து செய்ய உரிமம் வேண்டும், போலி மருந்து குற்றம் என்று வந்தது. சோப்ராவுக்கு அப்போது வயது 82.

இடையில் அவர் சும்மா இல்லை. 1941-ல் சர் பட்டம், கல்கத்தாவிலிருந்து ஓய்வு. ஜம்மு காஷ்மீருக்குத் திரும்பி அங்கே மருந்து ஆராய்ச்சிக்கூடம் கட்டினார். இந்தியாவின் நச்சுத் தாவரங்களைப் பற்றி இருவரோடு சேர்ந்து ஒரு பெரிய நூல் தொகுத்தார். மருந்துச் செடிகளைப் பற்றி 1933-லேயே எழுதியவர், விஷச்செடிகளுக்கும் தனி நூல் போட்டார் என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. எட்டி, ஊமத்தை, அலரி, குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு எல்லாம் இரண்டு பக்கமும் நிற்பவை. 1946 டிசம்பரில் நாட்டு மருத்துவ முறைகளுக்கான குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். அந்தக் குழு 1948-ல், இரண்டு மருத்துவங்களையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள், ஒரே அறிவியலாக வளரட்டும் என்று பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. இன்றும் இரண்டு கல்லூரி, இரண்டு கவுன்சில், இரண்டு அமைச்சகம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் டப்பா?

1964 திருத்தம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டதா? இல்லை. சட்டம் ஒப்புக்கொண்ட பழைய நூல்களில் சொன்னபடியே செய்யும் மருந்துக்குப் பாதுகாப்பு ஆய்வு கேட்கப்படுவதில்லை. நீண்டகாலப் புழக்கமே சான்று என்பது கணக்கு. கம்பெனிகள் சொந்தமாகச் சேர்மானம் செய்யும் மருந்துக்கு 2010 விதிகள் சில ஆதாரங்களைக் கேட்கின்றன. அதில் பட்டியலிட்ட நச்சுச் சரக்கு இருந்தால் பாதுகாப்பு ஆய்வு வேண்டும். அந்தப் பட்டியல்தான் அட்டவணை ஈ-1. எட்டியும் சேராங்கொட்டையும் பாதரசமும் அதில் இருக்கின்றன. அப்படிப்பட்ட உள்மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் போடுவார்கள். சித்தூரில் தெலுங்கும் தமிழும் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி அதை எப்படிப் படிப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொரு விலக்கும் உண்டு. வைத்தியரோ ஹக்கீமோ தன் சொந்த நோயாளிக்காகத் தானே மருந்து தயாரித்தால் உற்பத்தி உரிமம் வேண்டாம். ஒரு கிராமத்து வைத்தியர் பத்துப் பேருக்கு இடித்துக் கொடுப்பதை மனதில் வைத்து எழுதிய விலக்கு இது. ஊர்க்கூட்டமே நோயாளியாக வரிசையில் நிற்கும்போது அது எந்தக் கணக்கில் வரும்?

கன உலோகங்கள் விஷயம் தெரிந்திருக்கலாம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. 2008-ல் அதே குழு ஆன்லைனில் வாங்கிய 193 பொருள்களைப் பார்த்தது. மறுபடி சுமார் ஐந்தில் ஒன்று. அதற்காக ஐந்தில் ஒரு லேகியம் விஷம் என்று படிக்காதீர்கள், அந்தச் சந்தையில் அப்போது கிடைத்தவற்றின் கணக்கு அது. முதல் ஆய்வுக்குப் பிறகு, 2006 ஜனவரி முதல் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையை இந்தியா கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தபிறகு, ஏற்றுமதிக்கு முதலில்.

செடி மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் சுட்டிக்காட்டும் சம்பவம் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே எடைகுறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துபோக, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோய். உள்ளே போன செடி, நம் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இவற்றின் சொந்தக்காரன். விஷம் உடனே தெரியாது, மாதங்கள் ஆகும். அதனால்தான் பாட்டி சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தார் என்ற வாதம் இங்கே வேலை செய்வதில்லை.

நீங்கள் மொபைலில் ஆர்டர் செய்யும் அஸ்வகந்தா கம்மிக்கு வருவோம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஆயுஷ் உற்பத்தி உரிம எண் இருக்கிறதா, இல்லை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும்தானா? இரண்டாவது என்றால் சட்டத்தின் கண்ணில் அது மருந்தே இல்லை, உணவு. தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள், கர்ப்பம் தொடர்பான கவலையால் டென்மார்க் 2023-ல் அஸ்வகந்தாவையே தடை செய்தது. மற்ற பல நாடுகள் செய்யவில்லை, நிபுணர்களிடையே சண்டை ஓடுகிறது. நீங்கள் ஏற்கெனவே தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுக்கிறவர் என்றால், கம்மியும் எடுக்கிறேன் என்று டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வேலூருக்கு செக்கப் போகும்போது அம்மாவின் பையில் இருக்கும் சூரணத்தையும் எடுத்துப்போங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் நம் வழக்கம்.

தொந்தரவு வந்தால் புகார் எழுதவும் இப்போது இடம் இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி, ஹோமியோபதி மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்யும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் தொடங்கியது. மையங்கள் பெரும்பாலும் ஆயுஷ் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இருக்கின்றன.

சோப்ரா 1973 ஜூன் 13 அன்று இறந்தார், வயது 90. அவர் ஜம்முவில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமாகி இன்றும் இயங்குகிறது, மருந்துச் செடிகளைத்தான் ஆராய்கிறது. 1983-ல் அவர் படத்தோடு ஒரு தபால்தலை வந்தது. 1956-ல் அவரும் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இந்திய மருந்துச் செடிகளின் அகராதி இன்றும் அச்சில் கிடைக்கிறது. சீந்தில் அதில் இருக்கிறது, மூக்கிரட்டை இருக்கிறது, சர்ப்பகந்தியும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் தாவரப் பெயர், பிறகு எந்த ஊரில் என்ன பெயர், எந்தப் பகுதி பயன்படுகிறது, உள்ளே என்ன சத்து என்று இரண்டு மூன்று வரி.